நல்லா இருக்கு என்று எழுதிய நிலம்

கும்யாப்
நவம்பர் 3

அன்புத் தம்பி ஷானசருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதம் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சுகமா அக்கா?" என்கிறாய். நான் "சுகம்" என்கிறேன். பிள்ளைகள் சுகமா, மாடு சுகமா, போன மாதம் பிறந்த கன்று சுகமா என்று வரிசையாகக் கேட்டு முடிப்பதற்குள் உன்னை யாரோ கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இப்படியே போனால் நாம் இருவரும் ஒன்றுமே பேசாமல் கிழடாகிவிடுவோம். தாஷ்கண்ட் ரயிலில் நான்காம் பெட்டியைப் பார்த்துக்கொள்பவன் பக்கத்து வீட்டு மத்கரீமின் மருமகன். அவனிடம் கொடுத்தால் மறுநாளே உன் கைக்கு வந்துவிடும். கூடவே உலர்த்திய முலாம்பழம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு. நீயே தின்று தீர்த்துவிடாதே.

போன வாரம் நிலங்களைக் கணக்கெடுக்க உன் அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஒரு சின்னப் பெண், கையில் தட்டு மாதிரி ஒரு கம்ப்யூட்டர், காலில் வெள்ளை வெளேரென்று செருப்பு. வண்டியை விட்டு இறங்கி, வரப்பு ஓரத்திலேயே நின்றுகொண்டாள். உன் அத்தான் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"இந்த நிலம் உங்களுதா மாமா?"

"ஆமாம்மா."

"நிலம் எப்படி இருக்கு? உப்புப் பூக்குதா?"

"அல்லாவுக்கு ஷுக்ர், நல்லா இருக்கு. உள்ள வாம்மா, டீ குடிச்சிட்டுப் போலாம்."

"நேரமில்ல மாமா. இன்னைக்கு இன்னும் எழுபது நிலம் பாக்கணும். இங்க விரலால ஒரு கையெழுத்து போடுங்க."

போட்டார். போய்விட்டாள். அவள் நின்ற இடமே உப்பில் வெளுத்துக் கிடந்தது. செருப்பும் அதே நிறம் என்பதால் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். நம் ஊரில் ஒரு தடவை கேட்டு யார் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்? காய்ச்சலில் படுத்திருப்பவனைக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பான். உட்கார்ந்து, ரொட்டி பிய்த்து, இரண்டு கோப்பை டீ உள்ளே போனபிறகு மறுபடி கேட்டால்தான் வயிற்றில் இருப்பது வாய்க்கு வரும். அவள் தாஷ்கண்ட் பெண், அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா?

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவரைக் கேட்டேன். "நிலம் கெட்டுப்போச்சுன்னு சர்க்கார் ஆளுகிட்டச் சொல்லி, குத்தகையைப் பிடுங்கிட்டா? உன் தம்பியா வந்து உழுவான்?" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான்.

மண்ணை அள்ளிப் போய்ச் சோதிக்க மாட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்கிறார்கள். நம் நிலத்து மண்ணைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்துப் பார்த்தோம். அடியில் ஒரு விரல் கனத்துக்கு உப்பு.

உன் அக்கா,
பீகாஜான்


தாஷ்கண்ட்
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். முலாம்பழம் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். மிச்சம் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டலாமா என்று நினைத்தேன். அந்தப் பெண் அழுதுவிடுவாள் என்று விட்டுவிட்டேன். கெட்டிக்காரப் பெண் அக்கா. ஒரே நாளில் எண்பது நிலம் முடித்தவள் அவள்தான்.

மண்ணைச் சோதிக்க வேண்டும் என்றுதான் திட்டத்தில் எழுதியிருந்தேன். அதற்கான அரசு மானியம் ஏப்ரலில் வரவேண்டியது, அக்டோபர் கடைசியில் வந்தது. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வேலையை முடித்துக் காட்டாவிட்டால் திரும்பப் போய்விடும். மூவாயிரம் நிலத்து மண்ணை எந்த ஆய்வுக்கூடம் எட்டு வாரத்தில் சோதிக்கும்? ஆகவே போய்க் கேட்டு எழுதச் சொன்னோம். வானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. எந்தப் படம் நல்ல நிலம், எந்தப் படம் உப்பு நிலம் என்று விவசாயி சொன்னதை வைத்து இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பிறகு அதுவே எந்த நிலத்துக்கு உப்புக் கழுவத் தண்ணீர் வேண்டும், எத்தனை தடவை வேண்டும் என்று பிரித்துச் சொல்லும். ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வருவது உங்களுக்குத் தெரியாததா? வீணாகும் தண்ணீரை மிச்சம் பிடித்தால் கடைமடைக்கும் போய்ச் சேரும். நான் இதில் இறங்கியதே அதற்குத்தான்.

போன வாரம் அமைச்சகத்திலிருந்து பெரியவர்கள் வந்து தொடங்கி வைத்தார்கள். சுவர் அகலத்துக்குத் திரை. அதில் நம் மாகாணம் முழுக்கப் பச்சையாக, நல்ல நிலமாகத் தெரிந்தது. இயந்திரம் சொல்வது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு சரியாக இருக்கிறதென்று எல்லோரும் கைதட்டினார்கள். நம் அம்மா இருந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

அத்தானிடம் சொல்லுங்கள், அவர் நிலமும் பச்சைதான்.

உங்கள் தம்பி,
ஷானசர்


கும்யாப்
ஜனவரி 19

அன்புத் தம்பி ஷானசருக்கு,

ஸலாம். இங்கே குளிர் கடுமை. கன்று செத்துப்போனது. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

தண்ணீர் அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பிப்ரவரியில் உப்புக் கழுவும் தண்ணீர் யாருக்கு எத்தனை தடவை என்று. தலைமடைக்காரர்களுக்கு மூன்று தடவை. நடுமடைக்கு ஒன்று. எங்கள் கடைமடையில் நாற்பத்து மூன்று குடும்பம், அத்தனை பேர் பெயருக்கும் நேரே பூஜ்யம்.

உன் அத்தான் உள்ளே போனார். நானும் கூடப் போனேன். அங்கே இருக்கும் பொறியாளர் சின்னப் பையன்தான், மரியாதையாகத்தான் பேசினான்.

"உங்களுக்குக் கழுவல் தேவையில்லன்னு வந்திருக்கு மாமா."

"யாரு சொன்னா?"

"தாஷ்கண்ட்ல கம்ப்யூட்டர் சொல்லியிருக்கு."

"அது எப்ப என் நிலத்துக்கு வந்துச்சு?"

"வரவேணாம் மாமா. மேலேருந்தே பாக்கும்."

"மேலேருந்து பாத்தா வெள்ளையாத் தெரியுமேய்யா!"

"வெள்ளையாத் தெரியறது பனியா இருக்கலாம்ல?"

"அக்டோபர்லயா பனி?"

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். ஒரு காகிதத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினான். நிலம்: நல்லா இருக்கு. கீழே உன் அத்தானின் கோணல் கையெழுத்து.

"நீங்களே சொல்லிக் கையெழுத்து போட்டிருக்கீங்க மாமா. இப்ப மாத்திச் சொன்னா, சர்க்காருக்குப் பொய்த் தகவல் குடுத்தீங்கன்னு ஆகும். வேணுமா அது?"

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சாப்பாடும் வேண்டாம் என்றார். மத்கரீமும் மற்றவர்களும் அப்படியே. நாற்பத்து மூன்று பேரும் அந்தப் பெண்ணிடம் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். தலைமடையில் இருப்பவர்கள் பெரிய கைகள். அவர்கள் குத்தகையை யார் பிடுங்குவார்கள்? "நிலம் மோசம், தண்ணி போதல" என்று தைரியமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று தடவை.

தொண்ணூற்று நான்கு என்றாயே, எதோடு ஒத்துப்போனது அது? உன் அத்தான் டீக்கு முன்னால் சொன்ன பேச்சோடு ஒத்துப்போனது. அதற்கா கைதட்டினீர்கள்?

தம்பி, நான் கேலிக்காக எழுதவில்லை. கழுவாத நிலத்தில் பருத்தி விதை முளைக்காது. முளைக்காவிட்டால் சர்க்கார் சொன்ன அளவைக் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் குத்தகை போய்விடும். பதினெட்டு வருடமாக அவர் கட்டிக்காத்த நிலம் அது. பிப்ரவரி இருபதாம் தேதி மதகைத் திறக்கிறார்கள். அதற்குள் பட்டியலைத் திருத்தச் சொல். தவறு எங்கே நடந்தது என்று எனக்கே தெரிகிறபோது உனக்குத் தெரியாமல் இருக்காது.

உன் அக்கா,
பீகாஜான்


தாஷ்கண்ட்
பிப்ரவரி 2

என் அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் பொய் எழுத எனக்கு வராது. எனக்குத் தெரியும் அக்கா. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் விவசாயிகள் சொன்ன பதில்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். மூவாயிரத்துப் பதினாறு நிலம். அதில் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று "நல்லா இருக்கு". நம் மாகாணத்தில் பாதிக்கு மேல் உப்பு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளையாகத் தெரிந்தால் நல்ல நிலம் என்று இயந்திரத்துக்கு நாங்களே கற்றுக்கொடுத்துவிட்டோம். அது தவறே செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகப் படித்த பிள்ளை அது.

கேள்வித்தாளை எழுதியவன் நான். நான் கும்யாப்பில் பிறந்தவன். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போட்டபோது நம் ஊர் வழக்கம் என் நினைவுக்கு வந்தது அக்கா. வந்தது, ஆனால் டீ குடிக்க நேரமில்லை என்று நானே அதை ஒதுக்கினேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மார்ச் பத்தாம் தேதி குழு கூடுது. ரெண்டாம் வருஷ மானியத்தை முடிவு பண்றாங்க. இப்பப் போய் முதல் வருஷமே தப்புன்னு சொல்லப்போறியா?"

"சொல்லணும்ல, ஐயா?"

"சொல்லு. இருபத்தேழு பேர் வேலை செய்யறாங்களே, அவங்களையும் கூப்பிட்டு நீயே சொல்லு, நாளையிலேருந்து வரவேணாம்னு. மண்ணைச் சோதிக்கணும்ங்கறியே, அந்தப் பணம் எதுல இருக்கு? ரெண்டாம் வருஷத்துலதானே இருக்கு?"

அது உண்மை அக்கா. இரண்டாம் வருட மானியம் வந்தால் ஒவ்வொரு நிலத்திலும் மண் எடுத்துச் சோதிக்க முடியும். அடுத்த வருடம் பட்டியல் சரியாக வரும். இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் மூடப்படும். பிறகு யாருமே வந்து சோதிக்க மாட்டார்கள்.

இந்த ஒரு வசந்தம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மார்ச் பத்து தாண்டட்டும். நானே நேரில் வந்து அத்தானிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போய்க் கேட்கிறேன்.

என்னைத் திட்டுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஷானசர்


கும்யாப்
மார்ச் 6

ஷானசர்,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான். உன் கடிதத்தைப் படித்தபோது கோபம் வரவில்லை, பயம் வந்தது. தவறு என்று தெரியாதவனுக்குச் சொல்லிப் புரிய வைக்கலாம். உனக்கு எதைச் சொல்வது?

உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவன் பிள்ளைகுட்டிக்காரன், பெரிய எடத்துல இருக்கான். இனிமே அவனைத் தொந்தரவு பண்ணாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் இல்லையா, உன் மேல் அவருக்குக் கோபமே வராது.

போன வெள்ளிக்கிழமை, மதகுக்காரர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், உன் அத்தானும் மத்கரீமும் போய்ப் பூட்டை உடைத்து மதகைத் திறந்துவிட்டார்கள். ஆறு மணி நேரம் தண்ணீர் வந்தது. நானும் போய் வரப்பு அணைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாய்க்கால் ஓரமாக நாற்பத்து மூன்று குடும்பமும் நின்றுகொண்டு, தண்ணீர் எங்கள் பக்கம் திரும்புவதைக் குழந்தைகள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. மதகுக்காரர் புகார் கொடுக்கவில்லை. அவரும் கடைமடைக்காரர்தான். உன் இயந்திரம் பார்த்துச் சொல்லியிருக்கிறது, பட்டியலில் பூஜ்யம் போட்ட நிலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று. உப்பு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் தெரிகிறது.

"யாரு திறந்தது?" என்று கேட்டார்கள்.

"நான்தான்" என்றார் உன் அத்தான்.

"கூட யாரு?"

"யாருமில்ல. எனக்கு என்ன கை இல்லையா?"

மத்கரீம் பெயரைச் சொல்லவே இல்லை. உன் அத்தானை மட்டும் கூட்டிப்போய்விட்டார்கள்.

அரசு வக்கீல் சொல்வது இது. நிலத்துக்குக் கழுவல் தேவையே இல்லை, இவர் பருத்தி நிலத்தில் அனுமதியில்லாமல் நெல் போடத் தண்ணீர் திருடினார். அப்படி முடிவானால் மூன்று வருடம் சிறை. நிலத்துக்கு உண்மையிலேயே கழுவல் தேவைப்பட்டது என்றால் பூட்டை உடைத்ததற்கு அபராதத்தோடு போகும். எங்களுக்காக வாதாடுகிறவர் இக்ரார் என்று உர்கெஞ்ச் நகரத்துக்காரர், நிதானமான மனிதர். நிலத்தைப் பற்றி நிபுணர் சான்று கேட்டுக் கோர்ட் உங்கள் நிறுவனத்துக்குத்தான் எழுதும் என்கிறார்.

தம்பி, மானியம் உனக்கு, உன் இருபத்தேழு பேருக்கு. நான் அதில் தலையிடவில்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்துக்கூட நான் இப்போது கேட்கவில்லை, இந்த ஒரு மனிதருக்காகக் கேட்கிறேன். "இந்த நிலத்தின் மண் சோதிக்கப்படவில்லை." இந்த ஒரு வரியை எழுது. பொய் எழுதச் சொல்லவில்லையே.

அவருக்கு மூட்டு வலி இருக்கிறது. உள்ளே சிமெண்டுத் தரையாம்.

பீகாஜான்


தாஷ்கண்ட்
மார்ச் 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் அறிந்து மிகவும் வருந்தினேன்.

இரண்டாம் வருட நிதிக்குக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்தக் கோடையிலேயே மண் பரிசோதனை தொடங்கும். கும்யாப் முதல் பட்டியலில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

கோர்ட் விஷயத்தில் நிறுவனம் முறைப்படி பதில் அனுப்பும். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி நான் தனியாக எதுவும் எழுதுவது சரியாக இருக்காது என்று சொல்கிறார்கள். என்னால் முடிந்ததைச் செய்வேன். தாங்கள் மனம் தளர வேண்டாம்.

ரயிலில் ஒரு கம்பளிச் சட்டையும் மூட்டு வலி மருந்தும் அனுப்பியிருக்கிறேன்.

ஷானசர்


கும்யாப்
ஏப்ரல் 10

ஷானசர்,

உன் போன கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் அத்தான் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. கம்பளிச் சட்டை யாருக்கு என்றுகூட எழுதவில்லை. "தங்கள்" என்று எழுதியிருந்தாய். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். என் கூடப் பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்க மனம் வரவில்லை.

நேற்று முன்தினம் விசாரணை. எங்கள் கடைமடை முழுக்க வந்திருந்தது. மத்கரீம் எழுந்து நின்று, "பூட்டை உடைச்சது நானும்தான்" என்று சொல்லிவிட்டார். உன் அத்தான் கூண்டிலிருந்து அவரைப் பார்த்து, "உனக்கு வேற வேலையில்லையா, உக்காருடா" என்றார். நீதிபதிகூடச் சிரித்தார்.

பிறகு சான்றை வாசித்தார்கள். நிலம் நல்ல நிலையில் உள்ளது. உப்புக் கழுவல் தேவையில்லை. குத்தகைதாரரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளார். திட்டத் தலைவர் ஷானசர். அதற்குக் கீழே அச்சடித்த வரி ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் குடும்பமோ எனக்கு எவ்வகையிலும் உறவில்லை. அதற்குக் கீழேயும் உன் கையெழுத்து.

எல்லாச் சான்றிலும் அச்சடித்திருக்கும் வரிதான், நீ வாசிக்காமலே போட்டிருப்பாய் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன். பிறகு, நீ எதையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

இக்ரார் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "இவரைத் தெரியுமாம்மா?" என்றார். கூண்டில் உன் அத்தான் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, நான் எழுந்து நிற்கும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்து, "சான்று கொடுத்தவரை எனக்குத் தெரியும்யா" என்றேன்.

"இந்தச் சான்று கொடுத்தவர் உங்களுக்கு யாரு?" என்று நீதிபதி கேட்டார்.

"தம்பி."

"ஊர்ல எல்லாரையும்தான் தம்பிங்கறோம். அப்படியா?"

"இல்லய்யா. ஒரே தாய் வயித்துல பிறந்தவன்."

"அவருக்கு இந்த நிலம் தெரியுமா?"

"அங்கதான் நடக்கப் பழகினான்."

"அது உப்பு நிலம்னு தெரியுமா?"

நான் பையைத் திறந்து, பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். எல்லாக் காகிதத்தையும் எடுத்துவரச் சொல்லி இக்ரார் முன்பே சொல்லியிருந்தார். அதை எடுத்து வைக்கும்போது, வெளியே எடுக்க வேண்டி வராது என்று நினைத்துத்தான் வைத்தேன். நீதிபதி முழுவதையும் உரக்கப் படித்தார். "என்னைத் திட்டுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்" என்று அவர் குரலில் கேட்டபோது நான் உட்கார்ந்துவிட்டேன். மத்கரீமின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சான்றைத் தள்ளிவிட்டார்கள். உன் அத்தானுக்கு அபராதம் மட்டும். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டார். உன் கடிதம் மேலே போயிருக்கிறது. பட்டியலை நிறுத்தி வைத்து, மண் எடுத்துச் சோதிக்க ஆள் அனுப்பப் போகிறார்களாம். விதைப்புக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இனி யார் கழுவி, யார் விதைப்பது? எங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போன அந்த வாரமே குத்தகையை ரத்து செய்து, தலைமடைக்காரர் ஒருவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று அவருடைய டிராக்டர் வந்து நம் வரப்பை உடைத்துக்கொண்டு போனது. உன் அத்தான் வாசலில் நின்று பார்த்தார்.

வந்ததிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "மூணு வருஷம் நான் இருந்துட்டு வந்திருப்பேன். அவனைக் காட்டிக் குடுத்துட்டியே." அதற்குப் பிறகு ரொட்டியை முன்னால் வைத்தாலும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவரைக் காப்பாற்றத்தான் செய்தேன். அவருக்கே அது பிடிக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன ஆயிற்று?

பொய்ச் சான்று கொடுத்ததற்காக உன்னை விசாரிக்கும்போது என்னையும் கூப்பிடுவார்களாம். அதுவரை நீ எனக்கு எழுதும் எதுவும் சாட்சிப் பொருள் என்று இக்ரார் சொல்லிவிட்டார். கேட்டால் நான் கொடுத்துவிடுவேன் என்பது உனக்கு இப்போது தெரியும். அதனால் எழுதாதே. போனும் செய்யாதே.

கோர்ட்டிலிருந்து கிளம்பும்போது இக்ராரை நிறுத்தி, இதற்கு எத்தனை வருடம் கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"அதான் உங்க வீட்டுக்காரரை விட்டுட்டாங்களேம்மா" என்றார்.

"அவரைக் கேக்கல. என் தம்பியைக் கேக்கறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்களே கடிதத்தைக் குடுத்துட்டு, அதை நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க?"

வேறு யார் கேட்பார்கள், ஷானசர்?

உன் கூடப் பிறந்த,
பீகாஜான்